கண் திறவாத முகம்

கொல்கத்தாவில் வாழும் நம்மவர் வீடுகளுக்குப் புரட்டாசியில் இரண்டு திருவிழாக்கள் ஒருங்கே வந்து சேருகின்றன. வீட்டினுள் கொலு, வீதியில் துர்க்கையின் பந்தல். லேக் மார்க்கெட் பக்கத்தில் குடியிருக்கும் அத்தகைய குடும்பம் ஒன்றை நாம் அறிவோம். அவ்வீட்டுப் பெண் ஓவியக் கல்லூரி மாணவி. சென்ற ஆண்டுப் பூசைக் காலத்தில் அவள் எடுத்த புகைப்படங்களையும் தீட்டிய சித்திரங்களையும் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது.

பந்தல்களின் விளக்கொளி அவற்றில் இல்லை. அதைத்தான் ஊரே படம் பிடிக்கிறதே! அவள் சென்றது நகரின் வடபால், ஹூக்ளி நதிக்கரையை அடுத்த குமார்துலிக்கு. இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்துகள். மூங்கிற் சட்டத்தின்மேல் வைக்கோலைக் கயிற்றால் இறுகச் சுற்றி உடலாக்குகிறார்கள். அதன்மேல் பிசுபிசுக்கும் களிமண்; அது காய்ந்தபின் மெல்லிய மண்பூச்சு. வெடிப்பு விழுந்த இடங்களில் மண்குழம்பில் தோய்த்த துணியை ஒட்டுகிறார்கள். மழை விடாத நாட்களில் தீச்சுடரைக் காட்டி உலர்த்துவதும் உண்டு. அம்மனின் வெண்ணிற அணிகள் சோலாவினால் ஆனவை. சோலா என்பது வேறொன்றுமில்லை. நம் தஞ்சாவூரில் கோயில் உருவங்கள் செய்வார்களே, அந்த நெட்டிதான்.

முதல் நாள் அவள் முந்நூறு படம் எடுத்தாளாம். சிங்கத்துக்கு மண் பூசிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், தலை நிமிராமலே, "அம்மா, திரும்பிக்கொள். இந்தச் சிங்கத்தின் பின்னங்கால் எப்படி மடங்கியிருக்கிறது, சொல்" என்றார். அவளால் சொல்ல இயலவில்லை. மறுநாள் முதல் இரண்டு வாரம் பென்சிலும் தாளும் மட்டுமே கொண்டு சென்றாள். அந்நாட்களில் வரைந்த கைகளின் சித்திரங்கள் மிக நன்று. நீர்வண்ணத்தில் தீட்டியவற்றில் அவசரம் தெரிகிறது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பின்னர் மீண்டும் காமிராவை எடுத்தபோது, கண் எழுதப்படாத அம்மன் முகம் ஒன்றைப் படம் பிடித்துப் பெரிதாக்கி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பாட்டிக்குப் பொறுக்கவில்லை. "கண் திறக்காத முகத்தைக் கொலு வைக்கும் வீட்டில் மாட்டாதே, குழந்தாய்" என்றார். அதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. நம் நாட்டுச் சிற்பியும் சிலையின் கண்களைக் கடைசியாகத்தான் திறக்கிறார். மாணவி வாதாடவில்லை. படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள்.

மகாளய அமாவாசை வந்தது. அன்று விடியுமுன் வங்காளத்து வீடுகளில் வானொலி ஒலிக்கும். 'மகிஷாசுரமர்த்தினி' நிகழ்ச்சி 1930-களிலிருந்து தொடர்வது. பீரேந்திர கிருஷ்ண பத்ரரின் குரல் அதற்கு உயிர். 1976-இல் ஓராண்டு வேறு குரலை வைத்துப் பார்த்தார்கள், மக்கள் ஏற்கவில்லை! மரபுப்படி அன்றுதான் அம்மனுக்குக் கண் எழுதுவது. அந்த முதியவர் மூச்சை அடக்கித் தூரிகையை ஓட்டியதை அவள் அருகிருந்து பார்த்தாள். படம் எடுக்கவில்லை.

நண்பகலில் வீடு திரும்பியபோது பாட்டி கொலுப்பெட்டியைத் திறந்து, பொம்மைகளைச் சுற்றியிருந்த பழைய வேட்டித் துணிகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அடியிலிருந்து பண்ணுருட்டி மீனாட்சி ஒன்று வெளிப்பட்டது. பல ஆண்டுகளாகப் படியேறாத பொம்மை; வர்ணம் உதிர்ந்து, கண்களும் அழிந்துபோனவை. எறியவும் மனமில்லாமல் வைத்திருந்தார்.

"இவளுக்குக் கண் எழுது" என்று பேத்தியின் கையில் கொடுத்தார்.

அன்று மாலை முழுவதும் அவள் எழுதினாள். இடக்கண் சற்றே பெரிது என்பது நம் கருத்து. பாட்டி அதைச் சொல்லவில்லை. மீனாட்சியை மூன்றாம் படியில் நிறுத்தினார்.

விஜயதசமி இரவில் கொலுவில் ஒரு பொம்மையைப் படுக்க வைத்தார்கள். அங்கே நதியில் அம்மன் கரைந்தாள். அவளுடைய படங்களில் நமக்கு மிகவும் பிடித்தது அதற்குப் பின் எடுத்தது: மண் கரைந்துபோய், ஈர வைக்கோல் தொங்க, நதியிலிருந்து மீட்கப்பட்ட மூங்கிற் சட்டம் ஒன்று கைவண்டியில் குமார்துலிச் சந்துக்குள் திரும்பி வருகிறது. முதியவர் வாசலில் நின்று, அதை எங்கே சாத்துவது என்று கைகாட்டுகிறார்.