ஒரே சுவிட்ச், தனித்தனித் தெருக்கள்



நடுத்தரமான ஒரு மருத்துவமனையை எடுத்துக்கொள்வோம். வரவேற்பறையில் பில் போடும் கணினி. ஆய்வகத்தில் ரத்தப் பரிசோதனைக் கருவி. நடைவழியில் சிசிடிவி கேமரா. மேசைக்கு மேசை தொலைபேசி. நோயாளியைப் பார்க்க வந்தவர்களுக்கு வைஃபை. இத்தனை கேபிளும் போய்ச் சேருகிற பெட்டி ஒன்றுதான்: சுவிட்ச். அதில் கேபிள் செருகும் துளைகளான போர்ட்டுகள் இருபத்து நான்கோ, நாற்பத்தெட்டோ இருக்கும். கடையிலிருந்து வாங்கி வந்து அப்படியே மாட்டினால், எல்லா போர்ட்டும் ஒரே கூட்டம்தான்.

அதில் என்ன தொல்லை? கணினிகள் அடிக்கடி ஊரைக் கூட்டி விசாரிக்கும். "இந்த முகவரி யாருடையது? எனக்கொரு முகவரி யார் தருவார்?" என்று கேட்கும். பிராட்காஸ்ட் எனப்படும் இந்தக் கேள்வி தண்டோரா மாதிரி. தமக்குச் சம்பந்தம் உண்டோ இல்லையோ, எல்லோரும் காது கொடுத்தாக வேண்டும். பத்துக் கருவி இருக்கும்போது அது பெரிதாகத் தெரியாது. பல நூறு ஆகும்போது கூச்சல் மிஞ்சும். அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு: வைரஸ் பிடித்த ஒரு செல்போன், யாரையும் கேட்காமல் ஆய்வகக் கருவியின் கதவை நேரே தட்டலாம்.

தண்டோராவைத் தெருவுக்குத் தெரு பிரித்துவிட்டால்? அதுதான் விலேன், அதாவது மெய்நிகர் லேன் (லேன் என்றால் ஒரே இடத்துக் கருவிகளை இணைக்கும் வலையமைப்பு). தனித்தனி சுவிட்ச் வாங்காமல், ஒரே சுவிட்சைப் பல சுவிட்சுகளாக நடந்துகொள்ள வைக்கும் ஏற்பாடு. 1980களில் அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வு நிறுவனத்தில், ஈதர்நெட் வலையமைப்புகளைப் பெரிய அளவுக்கு வளர்ப்பது எப்படி என்று ஆராய்ந்த டேவிட் சின்கோஸ்கி இந்த யோசனையின் முன்னோடி. 1998இல் ஐ.ஈ.ஈ.ஈ. அமைப்பு இதற்கு 802.1க்யூ என்ற பொதுத் தரத்தை வெளியிட்டது. வேறு வேறு கம்பெனி சுவிட்சுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போக அதுவே வழி செய்தது.

ஒவ்வொரு தெருவுக்கும் ஓர் எண். நம் மருத்துவமனையில் பில்லுக்கு 10, ஆய்வகத்துக்கு 20, கேமராவுக்கு 30, தொலைபேசிக்கு 40, பார்வையாளருக்கு 50 என்று வைப்போம். ஏழாவது போர்ட் 20ஐச் சேர்ந்தது என்று சுவிட்சில் எழுதிவிட்டால் போதும். அங்கே மாட்டிய கருவிக்கு இந்தச் சங்கதியே தெரியாது. இத்தகைய போர்ட்டுக்கு ஆக்சஸ் போர்ட் என்று பெயர்.

மாடியில் இன்னொரு சுவிட்ச் இருந்தால், இரண்டையும் இணைக்கும் ஒற்றைக் கேபிளில் எல்லாத் தெருத் தகவலும் போக வேண்டும். அதற்குத்தான் ட்ரங்க் போர்ட். அதன் வழியே போகும் தகவல் பொட்டலங்களில் பொதுவாக 4 பைட் அளவுள்ள டேக் ஒன்று செருகப்படும். தெருவின் எண்ணுக்கு அதில் 12 பிட் இடம். கணக்குப்படி 4096 எண்கள் வரும். முதலும் கடைசியும் வேறு பயனுக்கு ஒதுக்கப்பட்டவை. நமக்குக் கிடைப்பவை 4094.

எந்தக் கருவி எந்தத் தெருவுக்கு என்பதை முடிவு செய்யப் பல வழிகள் உண்டு. போர்ட்டை வைத்துப் பிரிப்பது எளியது. ஆனால் கேபிளை யாராவது மாற்றிச் செருகினால் தெருவும் மாறிவிடும். கருவிக்கென்றே உள்ள வலையமைப்பு அடையாள எண்ணான மேக் முகவரியை வைத்துப் பிரிக்கலாம். அதைப் போலியாகக் காட்டுவது கடினமில்லை. உறுதியான வழி 802.1எக்ஸ் என்னும் தரம். கருவி முதலில் தன் அடையாளத்தை நிரூபிக்க வேண்டும். ரேடியஸ் சர்வர் அதைச் சரிபார்த்து, இன்ன தெருவில் விடு என்று சுவிட்சுக்குச் சொல்லும். மேசைத் தொலைபேசியின் பின்னால் கணினியையும் மாட்டியிருந்தால், ஒரே போர்ட்டில் தொலைபேசி டேக்கோடும் கணினி டேக் இல்லாமலும் பேசும். இரண்டும் வேறு வேறு தெருவில் இருக்கும்.

இத்தோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது. ஒரு தெருவிலிருந்து இன்னொன்றுக்குப் போக ரூட்டர் வேண்டும். அந்த ரூட்டர் வருவோரையெல்லாம் விட்டுவிட்டால், கூச்சல் குறையுமே தவிர பாதுகாப்பு வராது. இதற்கு ஓர் உதாரணம்: 2013இல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் சுமார் 4 கோடி வங்கி அட்டைகளின் விவரம் திருடு போனது. குளிர்சாதனப் பணி செய்த ஓர் ஒப்பந்த நிறுவனத்தின் கடவுச்சொல் வழியே நுழைந்தவர்கள், பில் போடும் இயந்திரங்கள் வரை நடந்து போய்விட்டார்கள். முக்கியமான பகுதிகள் சரியாகப் பிரித்து வைக்கப்படவில்லை என்று அந்நாட்டு செனட் குழுவின் அறிக்கை பின்னர் சுட்டியது.

இன்னொன்று: சுவிட்ச் வரும்போதே எல்லா போர்ட்டும் பெரும்பாலும் 1ஆம் எண்ணில்தான் இருக்கும். பயன்படாத போர்ட்டுகளை அதில் விட்டுவைக்காமல், யாரும் குடியில்லாத ஓர் எண்ணுக்கு மாற்றி, அணைத்து வையுங்கள்.

எண் கொடுப்பது டெக்னீஷியன் வேலை. எது எதோடு பேச வேண்டும் என்று சொல்வது நிர்வாகத்தின் வேலை. கேமரா பதிவுப் பெட்டியோடு மட்டும் பேசினால் போதுமா, ஆய்வகக் கருவிக்கு இணையம் வேண்டுமா என்பதெல்லாம் டெக்னீஷியனுக்கு எப்படித் தெரியும்? அவரை அழைப்பதற்கு முன், உங்கள் கருவிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அது யாரோடு பேச வேண்டும் என்று குறியுங்கள். குறிக்காத இடமெல்லாம் மூடியே இருக்கட்டும்.