கரும்பு தந்த குடி
(சேலம் ஃபேர்லேண்ட்சுப் பொழிவு)



இந்த ஃபேர்லேண்ட்சில் நின்று வடக்கே நோக்கினால் சேர்வராயன் மலை தெரிகின்றது. அம்மலைக்கும் அப்பால் தகடூர், இற்றைத் தருமபுரி. அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட ஊர். அவன் முன்னோரே கரும்பை இந்நிலத்துக்குக் கொணர்ந்தனர் என்று ஔவையார் இருமுறை பாடியுள்ளார். புறநானூற்றின் 99ஆம் பாட்டு அஞ்சியைப் பற்றியது. 392ஆம் பாட்டு அவன் மகன் பொகுட்டெழினியைப் பற்றியது.

பயிர் எவ்வாறு வந்தது என்று கிரேக்கரும் வினவினர். கூலத்தின் தெய்வமாகிய தெமீத்தரின் மகளைக் கீழுலக வேந்தன் கவர்ந்து சென்றான். தாயின் துயரால் விதைத்த எதுவும் முளைக்கவில்லை. மகள் மீண்டாள், விளைவும் மீண்டது. பின்னர் எலியூசிசு ஊரினனாகிய திரித்தோலமசு, அத்தெய்வம் தந்த கோதுமையை உலகெங்கும் விதைத்தான் என்பது அவர்தம் தொன்மம். அதன் நினைவாக ஆண்டுதோறும் ஏதென்சிலிருந்து எலியூசிசுக்கு ஏறத்தாழ 20 கிலோமீற்றர் நடந்து சென்று மறைநோன்பு நோற்றனர். உள்ளே கண்டதை வெளியிட்டவனுக்குச் சாவே தண்டம்! கி.பி. 392இல் உரோமப் பேரரசன் தியோடோசியசு பழைய வழிபாடுகளைத் தடை செய்தான். சில ஆண்டுகளில் கோத்தியர் படையால் அக்கோயிலும் அழிந்தது. அங்கே காட்டப்பெற்றது யாது என்று இன்றளவும் எவரும் உறுதியாகச் சொல்லார். வாய்திறவாது காத்த மறை, காத்தவரோடே மாண்டது.

ஔவையார் அவைநடுவே பாடினார். அக்குடியினர் தெய்வம் போற்றியதையும் வேள்வி செய்ததையும் அவர் மறைக்கவில்லை. ஆயினும் கரும்பைத் தந்தோர் என்று அவர் சுட்டுவது மாந்தரையே. அக்குடி வெறும் புனைவும் அன்று. திருக்கோவலூர்ப் பக்கத்துச் சம்பையில் 1981இல் கண்டறியப்பெற்ற பழந்தமிழ்க் கல்வெட்டு அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

இனி, தமிழ்ப் பற்றாளர் சிலர்க்குக் கசக்கக்கூடிய ஒன்று. எல்லாப் பயிரும் தமிழ் மண்ணிலேயே தோன்றின என்று மேடையில் முழங்குவோர் உளர். கரும்போ வந்த பயிர் என்று ஔவையாரே கூறுகின்றார்! எங்கிருந்து என்பதை 99ஆம் பாட்டுச் சொல்லவில்லை. நிலைத்திணை நூலார் கரும்பின் தாயகத்தை நியூகினித் தீவில் காண்கின்றனர். அங்கிருந்து தென்கிழக்காசியத் தீவுகளின் வழியே அது பரவியது என்பர். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னரே, வந்ததை வந்தது என்று உரைத்த மொழிக்கு இதனால் என்ன குறை?

இன்று பரமத்தி வேலூர்ப் பக்கம் காவிரிக் கரையில் கரும்பு ஆட்டி வெல்லம் காய்ச்சுகின்றனர். அங்குள்ள உழவரிடம் அதியமான் பெயரைச் சொன்னால், தகடூர்க் கோட்டையும் நெல்லிக்கனியும் நினைவுக்கு வரலாம். கொப்பரையில் கொதிக்கும் சாற்றுக்கும் அக்குடிக்கும் உள்ள தொடர்பை அவர்க்கு எடுத்துரைத்தவர் எத்தனை பேர்?