ஓர் இளம் அரசியும் இரு வேறு தீர்ப்புகளும்



2006-ஆம் ஆண்டு மே மாதத்தில், பிரான்சு நாட்டின் தென்கரையிலுள்ள கான் நகரத் திரைப்பட விழாவில், பத்திரிகையாளர்களுக்கென ஒரு படம் திரையிடப்பெற்றது. படம் முடிந்ததும் அரங்கின் ஒரு பகுதியிலிருந்து கைதட்டல் எழுந்தது. மற்றொரு பகுதியிலிருந்து வெறுப்பொலி எழுந்தது. ஒரே படத்தை ஒரே வேளையில் கண்டவர்கள் இவ்வாறு இரு கட்சியினராகப் பிரிந்தனர். படத்தின் பெயர் 'மேரி அன்டாய்னெட்'. எழுதி இயக்கியவர் அமெரிக்கரான சோபியா கொப்போலா அம்மையார். அரசியாக நடித்தவர் கிர்ஸ்டன் டன்ஸ்ட். அன்று தொடங்கிய வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை.

ஒரு படம் நன்றா அன்றா என்பது மட்டுமே வழக்காயின், அதனை விமரிசகர்களுக்கே விட்டுவிடலாம். ஆனால், வரலாற்றை எவ்வாறு படிப்பது, மறைந்துபோன ஒருவருக்கு எவ்வாறு நீதி வழங்குவது என்னும் வினாக்களும் இதில் அடங்கியுள்ளன. பல்லாண்டுகள் வகுப்பறையில் பிரெஞ்சுப் புரட்சியைக் கற்பித்தவன் என்ற முறையில் அவற்றைப் பற்றிச் சில கூற விரும்புகிறேன்.

முதலில் வரலாற்றை நினைவூட்டிக்கொள்வோம். மேரி அன்டாய்னெட் 1755-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள் வியன்னாவில் பிறந்தாள். பேரரசி மரியா தெரேசாவின் பதினைந்தாவது மகவு. நெடுங்காலம் பகைத்திருந்த ஆஸ்திரியாவும் பிரான்சும் கொண்ட நட்பை உறுதிப்படுத்த, 1770-இல், பதினான்கு வயதிலேயே பிரெஞ்சு இளவரசனுக்கு மணம் முடிக்கப்பெற்றாள். மணமகனுக்கு வயது பதினைந்து. ரைன் ஆற்றின் நடுவிலுள்ள ஒரு தீவில் பெண்ணைக் கையளிக்கும் சடங்கு நடந்தது. நான்கு ஆண்டுகளில் பதினைந்தாம் லூயி பெரியம்மை கண்டு இறந்தான். பத்தொன்பது வயது இளைஞன் அரசனானான். பதினெட்டு வயது பெண் அரசியானாள். 1789-இல் புரட்சி மூண்டது. 1793 ஜனவரியில் அரசனும், அவ்வாண்டு அக்டோபர் 16-ஆம் நாள் அரசியும் கில்லட்டினுக்கு இரையாயினர். அப்போது அவளுக்கு முப்பத்தேழு வயது.

அந்தோனியா பிரேசர் அம்மையார் 2001-இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றைத் தழுவியதே இப்படம். வெர்சேல்ஸ் அரண்மனையிலேயே பல காட்சிகள் எடுக்கப்பெற்றன. ஆடைகளை அமைத்த மிலேனா கனோனெரோ அம்மையாருக்கு 2007-இல் ஆஸ்கார் பரிசு கிடைத்தது. இவ்வளவு பாடுபட்டு உருவாக்கிய பழமைக்குள், இயக்குநர் வேண்டுமென்றே புதுமையைப் புகுத்தினார். பதினெட்டாம் நூற்றாண்டு நடனக் கூடத்தில் 1980-களின் மேனாட்டு இளைஞர் இசை முழங்குகிறது. அரசி அணிந்து பார்க்கும் பட்டுக் காலணிகளிடையே இக்காலக் கான்வாஸ் காலணி ஒன்றும் கணநேரம் தலைகாட்டுகிறது. எங்கும் இளஞ்சிவப்பும் வெளிர்நீலமும், கோபுரம் கோபுரமாக அடுக்கிய இனிப்புப் பண்டங்களும். ஆண்டுக் கணக்கைப் பற்றியும் அரசியல் விவாதங்களைப் பற்றியும் படம் அதிகம் கவலைப்படவில்லை.

இனி, குற்றஞ்சாட்டுவோர் கூறுவதைக் கேட்போம். "இந்தப் படத்தில் பசி எங்கே?" என்பது அவர்களுடைய வினா. இஃது எளிதில் தள்ளிவிடக் கூடிய வினா அன்று. 1775-ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் தானியத்தின் விலையேற்றம் தாங்காமல் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அதனை 'மாவுப் போர்' என்று வரலாறு குறிக்கின்றது. அடுத்த ஜூன் மாதத்திலேயே ரீம்ஸ் நகரப் பேராலயத்தில் அரசனுக்கு முடிசூட்டு விழா ஆடம்பரமாக நடந்தேறியது. 1788 ஜூலையில் கடுமையான ஆலங்கட்டி மழை விளைநிலங்களைப் பாழாக்கியது. மறு ஆண்டு ரொட்டியின் விலை உச்சத்திற்குச் சென்றது. பிரபுக்களும் மதகுருமாரும் பெரும்பாலான வரிகளிலிருந்து விலக்குப் பெற்றிருக்க, உழவனே சுமையைச் சுமந்தான். அந்த உழவனின் முகம் படத்தில் இல்லை. இனிப்புகளைக் காட்டி, அவற்றிற்கு விலை கொடுத்தவனைக் காட்டாமல் விடுவது நேர்மையாகுமா? அவர்களுடைய சினம் நியாயமானதே.

மறுகட்சியினரின் விடையும் கேட்கத்தக்கது. "இது புரட்சியின் வரலாறு அன்று, ஒரு பெண் கண்ட உலகம். அவள் கண்ணுக்கு எட்டாதது படத்திலும் எட்டாது" என்பர் அவர்கள். ஆற்றின் நடுவே, சொந்த நாட்டு ஆடைகளைக் களைந்து, தோழியரைப் பிரிந்து, வளர்த்த நாய்க்குட்டியையும் விட்டுவிட்டுச் செல்லும் சிறுமியைப் படம் காட்டுகின்றது. காலையில் அவளுக்கு உள்ளாடை அணிவிக்கும் உரிமை, அங்குள்ள பெண்டிருள் உயர்ந்த பதவியினருக்கே உரியது. ஒருத்தி ஆடையைக் கையில் எடுத்ததும் அவளினும் உயர்ந்தவள் வருகிறாள். பின்னர் மற்றொருத்தி வருகிறாள். ஆடை கைமாறிக்கொண்டே இருக்கிறது. அரசகுல மருமகள் குளிரில் நடுங்கியபடி நிற்கிறாள். இதனைக் கற்பனை என்று கருத வேண்டா. அரசியின் பணியிலிருந்த கம்பான் அம்மையார் இத்தகைய நிகழ்ச்சியொன்றைத் தம் நினைவுக் குறிப்புகளில் பதிவு செய்திருக்கிறார்.

மணமான பின் எட்டு ஆண்டுகளுக்கு மேல் அவளுக்கு மகப்பேறு இல்லை. 1778 டிசம்பரில்தான் முதற் குழந்தை பிறந்தது. அதுவரை, வாரிசு எங்கே என்று அரசவை முணுமுணுத்தது. அன்னையின் கடிதங்கள் வியன்னாவிலிருந்து வந்து குத்திக்காட்டின. பதினான்கு வயதுப் பெண்ணை இரு நாடுகளின் உடன்படிக்கைக்கு முத்திரையாக்கி அனுப்பிவிட்டு, அவள் ஆடையிலும் சூதாட்டத்திலும் இனிப்பிலும் பொழுதைப் போக்கினாள் என்று பழிப்பது முழு நீதியாகுமா? இந்த வினாவும் நியாயமானதே.

இவ்விடத்தில், மாணவர் விடைத்தாள்களில் ஆண்டுதோறும் நான் கண்ட ஒரு கதையைக் குறிப்பிட வேண்டும். ரொட்டி இல்லையென்று அழுத ஏழைகளைக் கேக் தின்னச் சொன்னாள் இவ்வரசி என்பதே அக்கதை. அதனைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டமிட்டு, "சான்று எங்கே?" என்று எழுதுவது என் வழக்கம். ரூஸோ தம் தன்வரலாற்றில், பெயர் குறிப்பிடாத ஒரு பெரிய இளவரசியின்மேல் இத்தகைய பேச்சை ஏற்றிச் சொல்கிறார். அப்பகுதியை அவர் எழுதிய காலத்தில் மேரி அன்டாய்னெட் ஆஸ்திரியாவில் சிறுமியாக இருந்தாள். பிரான்சின் மண்ணை மிதித்ததும் இல்லை. அவ்வாறு தான் ஒருபோதும் சொல்ல மாட்டாள் என்று படத்தில் அரசியே மறுக்கிறாள். படத்தின் இசை காலத்திற்குப் பொருந்தாதது. ஆனால் இச்செய்தியில் படம் ஆதாரத்தின் பக்கமே நிற்கின்றது.

நாட்டின் கடனுக்கும் அவளே காரணம் என்று அன்றைய துண்டு வெளியீடுகள் தூற்றின. 'பற்றாக்குறைச் சீமாட்டி' என்று பட்டமும் சூட்டின. 1788-ஆம் ஆண்டுக் கணக்கைப் பார்த்தால், அரசின் செலவில் ஏறத்தாழப் பாதி பழைய கடன்களுக்கே போயிற்று. அரசவையின் செலவு முழுவதும் சேர்ந்து நூற்றுக்கு 6 பங்கு அளவே. அமெரிக்க விடுதலைப் போருக்கு உதவ வாங்கிய கடனே பெருஞ்சுமை. ஆயினும், பட்டினி கிடப்பவன் கணக்குப் புத்தகத்தைப் பார்ப்பதில்லை. அரசியின் கழுத்தணியைப் பார்க்கிறான். அவன் பார்வையில் தவறில்லை. அப்பார்வையைப் பயன்படுத்திப் பொய்களைப் பரப்பியவர்களிடமே தவறு இருந்தது.

1938-இல் நார்மா ஷியரர் நடித்து வெளிவந்த அமெரிக்கப் படத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நலம். ஸ்டெஃபான் ஸ்வைக் எழுதிய நூலைத் தழுவிய அப்படம், காதலையும் கண்ணீரையும் காட்டிக் கொலைக்களம்வரை செல்கிறது. முப்பத்தைந்து வயது நடிகை பதினான்கு வயதுச் சிறுமியாகவும் தோன்றுகிறார். அதனை எவரும் காலப் பிழை என்று கூச்சலிடவில்லை. உண்மையில், சரித்திரப் படம் ஒவ்வொன்றும் தான் பிறந்த காலத்தின் சாயலையும் அணிந்துகொண்டுதான் வருகிறது. முன்னைய படம் அச்சாயலை மறைத்தது; பின்னையது ஒரு காலணியை நடுவில் வைத்து வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. மேலும், கொலைக்களத்தைக் காட்டி நம் இரக்கத்தை எளிதில் பெற்றிருக்கலாம். கொப்போலா அதனைச் செய்யவில்லை. 1789 அக்டோபரில் அரச குடும்பம் வெர்சேல்ஸை விட்டு வெளியேறுவதோடும், நொறுங்கிக் கிடக்கும் ஒரு படுக்கையறையோடும் படம் முடிந்துவிடுகிறது.

அவ்வாறாயின் என் தீர்ப்பு யாது? ஒருவரைப் புரிந்துகொள்வது வேறு. அவரைக் குற்றமற்றவர் என்று விடுவிப்பது வேறு. படத்தை வெறுத்தவர்கள் முதலாவதை இரண்டாவது என எண்ணி அஞ்சினர். விரும்பியவர்களுள் சிலர் இரண்டையும் ஒன்றென்று கொண்டு மகிழ்ந்தனர். இரு சாராரும் சற்று நிதானிக்கலாம். சுவர்களுக்கு வெளியே நடப்பது தெரியாமல் வாழ்ந்தாள் என்பது அவளுடைய துயரத்திற்கு விளக்கமாகும். குடிகளின் துயரத்திற்கு விடையாகாது. பதினெட்டு வயதில் அறியாமை மன்னிக்கத்தக்கது. முப்பது வயதைக் கடந்தும் அறிய முயலாமல் இருந்தது, அத்தனை எளிதில் மன்னிக்கத்தக்கது அன்று. படத்தின் இறுதிப் பகுதியில் மாளிகை முகப்பில் வந்து, கூடிநிற்கும் மக்கள்முன் அரசி தலை வணங்குகிறாள். அதுவரை நாம் கேளாதிருந்த வெளியுலகின் ஓசை அப்போது நம் செவியில் மோதுகின்றது. படம் பசியை மறக்கவில்லை, அதன் குரலைக் கடைசிவரை கதவுக்கு வெளியே நிறுத்தி வைத்தது என்றே நான் கொள்கிறேன். ஆனால் அக்குரலை அடையாளம் காண, பார்ப்பவருக்கு முன்னறிவு வேண்டும்.

ஆதலால், பாடத்திற்குப் பதிலாக இப்படத்தைக் காட்டக் கூடாது. பாடத்திற்குப் பின் காட்டலாம். வெறுப்பொலி கேட்ட அதே கான் விழாவில், பிரெஞ்சுத் தேசியக் கல்வித் துறையின் பரிசும் இப்படத்திற்கே கிடைத்தது என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். ஓர் ஆசிரியனுக்கு வியப்பன்று. மாணவர்களுக்கு இதனைக் காட்டிய பின், இரண்டே வினாக்கள் கேட்டால் போதும்: இப்படம் யாரைக் காட்டுகிறது? யாரைக் காட்டவில்லை? இரண்டிற்கும் விடை எழுதத் தெரிந்த மாணவன், அரசியிடமும் நீதியாக நடந்துகொள்வான். உழவனிடமும் நீதியாக நடந்துகொள்வான்.