யாரோ அல்ல, நாமே!

(ஊத்துக்கோட்டைப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே!

ஊத்துக்கோட்டைக்கு வரும்போதெல்லாம் என் உள்ளம் பூரிக்கும். இது எல்லையோரத்து ஊர் மட்டுமன்று. சென்னையின் தாகம் தீர்க்க வரும் தண்ணீருக்குத் தலைவாயில். 1983இல் ஒப்பந்தம்; 1996இல் கிருஷ்ணா நீர் கண்டலேறு கால்வாய் வழியே தமிழகத்தில் அடியெடுத்து வைத்தது இங்கேதான். இங்கிருந்துதான் அது பூண்டி ஏரிக்குச் செல்கிறது.

இன்று மாலை, மேடைக்கு வருமுன் ஆரணியாற்றங்கரையில் சற்றே நின்றேன். பூரிப்பு போயிற்று, வேதனை வந்தது. பாலித்தீன் பைகள், அழுகிய காய்கறிகள், உடைந்த கண்ணாடிகள்! "கொட்டியவர் யார்?" என்று கேட்டேன். "யாரோ!" என்றார் உடன் வந்த நண்பர்.

யாரோ! இந்த 'யாரோ' இருக்கிறானே, அவனைப் போல நமக்கு வசதியான ஆள் உலகிலே இல்லை. பழியை அவன் மீது போட்டுவிட்டு, நாம் படுத்துறங்கலாம். ஆனால் ஆறு உறங்குவதில்லை, தோழர்களே! ஆந்திரத்தில் பிறந்து, ஊத்துக்கோட்டையைத் தொட்டு, பெரியபாளையத்தைக் கடந்து, பழவேற்காட்டருகே கடலைத் தேடும் ஆறு அது. இங்கே நாம் எறிந்த பை, வெள்ளம் வந்தால், அங்கே மீனவன் வலையில் ஏறும். மீனுக்கு விரித்த வலையில் நம் குப்பை! உழைப்பவனுக்கு நாம் அனுப்பும் பரிசு இதுதானா?

நாடகக்காரன் நான், ஒரு காட்சி சொல்கிறேன். இரவு மேடையிலே சமத்துவம் முழங்கியவர் நம் நண்பர். காலையில் தூய்மைப் பணியாளரான ஓர் அம்மையார் வாசலில் வந்து நிற்கிறார். சோறும், சவர அலகும், குழந்தையின் அணையாடையும் ஒன்றாய்த் திணித்த பையை நண்பர் நீட்டுகிறார்.

"ஐயா, தனித்தனியாகத் தரக்கூடாதா? கையைக் கிழிக்கிறதே!"

"பிரிப்பதற்குத்தானே நீ இருக்கிறாய்!"

கேட்டீர்களா? இரவெல்லாம் சமத்துவம் பேசிய அதே வாய்! அந்த வேலையைத் தலைமுறை தலைமுறையாக யார் தலையில் ஏற்றி வைத்தது பழைய சமுதாயம் என்பதை நாடறியும். சாதியை ஒழிப்போம் என்று கொடி பிடித்த நாம், நம் வீட்டு அழுக்கிலே அந்த அம்மையார் கைவிட்டுத் துழாவ வேண்டும் என்கிறோமே, முறையா? அடுக்குமா? குப்பையைப் பிரிப்பது வெறும் சுத்தமன்று, தோழர்களே, சுயமரியாதை!

செய்வதற்கு அரியதா அது? மக்கும் குப்பை, மக்காத குப்பை, தீங்கு தரும் குப்பை என வீட்டிலேயே பிரிக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு விதிகளே கூறின. நம் வீட்டுக் குப்பையில் ஏறத்தாழப் பாதி மக்கும் பொருள். துளையிட்ட மண்தொட்டியில், காய்ந்த சருகோடு மாற்றி மாற்றிப் போட்டு, அவ்வப்போது கிளறினால், இரண்டு மூன்று திங்களில் உரம். அதையே குப்பைமேட்டில் குவித்தால், காற்றின்றி அழுகி மீத்தேன் எழும். கரியமில வாயுவைவிட 25 மடங்குக்கும் மேலாகப் புவியைச் சூடாக்கும் வாயு அது. பிளாஸ்டிக்கைக் கொளுத்தினாலோ, நஞ்சுப் புகை நம் குழந்தைகளின் நெஞ்சுக்குள்ளே!

ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழகத்தில் 2019 ஜனவரி முதல் நாள் தடை வந்தது. ஆணை கோட்டையிலிருந்து வரும். துணிப்பை நம் வீட்டிலிருந்துதான் வரவேண்டும். நம் பாட்டிமார் மஞ்சள் பையோடு சந்தைக்குப் போகவில்லையா? அவர்கள் குடும்பம் நடக்கவில்லையா?

"நாங்கள் பிரித்துத் தருகிறோம், வண்டியில் ஒன்றாகக் கலக்கிறார்களே!" என்பீர்கள். உண்மையென்றால், உள்ளாட்சியைக் கேளுங்கள், உறுதியோடு கேளுங்கள். ஆனால், தன் வீட்டில் பிரித்தவனுக்கே அப்படிக் கேட்கும் தகுதி உண்டு.

கடைசியாக ஒன்று. இதோ, இந்தத் திடலைப் பாருங்கள். தேநீர்க் குவளைகள், தண்ணீர்ப் பொட்டலங்கள், கிழிந்த தோரணங்கள்! விடியற்காலையில் இவற்றைப் பொறுக்க வருவது யார்? அதே அம்மையார்! அவர் வந்து பார்க்கும்போது, "இங்கே நேற்று கூட்டம் நடந்ததா?" என்று வியக்க வேண்டாமா?

வாழ்த்தொலி பிறகு, முதலில் குனிவோம். நான் கீழே இறங்குகிறேன். ஏட்டிலே இதைப் படிக்கும் தோழர்களே, நீங்கள் உங்கள் வாசலிலே தொடங்குங்கள்!