காது வெட்டிய பூனை

சிட்னியில் இப்போது விடியப்புறம். முழித்திருந்து கேட்பவர்களுக்கு விசேட நன்றி. ‘நான் எழுத வந்த கதை’ என்று தலைப்புத் தந்தார்கள். ஒருங்கிணைப்பாளர் மன்னிக்க வேண்டும், நான் ஒரு பூனையின் கதையைச் சொல்லப்போகிறேன்.

ஸ்காபரோவில் எங்கள் தேவாலயத்துக்கு வரும் ஒரு குடும்பம். ஏழு வயது மகளுக்கு லுகேமியா. பெயர் வேண்டாம். பிள்ளைகளுக்குக் கூடுதலாக வரும் வகை அது. இன்று பெரும்பாலான பிள்ளைகள் பிழைத்துவிடுகிறார்கள், ஆனால் சிகிச்சை இரண்டு வருடத்துக்கு மேல் நீளும். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகள் ஜெப விண்ணப்பம் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். எல்லோரும் அவளுடைய சுகத்துக்காக எழுதினார்கள். அவள் எழுதியது ஒரேயொரு சொல்: பூனை.

தாய் என்னிடம் வந்தாள். “அக்கா, நீங்கள் நேர்ஸ்தானே. பூனை வச்சிருக்கலாமோ?”

“கூடாது” என்றேன். யோசிக்கவே இல்லை. தாதிகளின் வாயில் முதலில் வருகிற சொல் அதுதான்.

அன்றிரவு நித்திரை வரவில்லை. புளோரன்ஸ் நைட்டிங்கேல் 1859இல் எழுதிய ‘நோட்ஸ் ஒன் நர்சிங்’ புத்தகத்தில், நெடுநாள் நோயாளிக்கு ஒரு சின்னச் செல்லப்பிராணி நல்ல துணை என்று எழுதியிருக்கிறார். அவரே வீடு நிறையப் பூனை வளர்த்தவர். நான் டிப்ளோமாப் பரீட்சைக்கு ஆண்டைப் பாடமாக்கினேன், அந்த இடத்தைக் கவனிக்கவில்லை.

மறுநாள் தாயைக் கூப்பிட்டு, “நான் சொன்னதை விடுங்கோ, பிள்ளையின்ர புற்றுநோய்க் குழுவிட்டக் கேளுங்கோ” என்றேன். அவர்கள் சொன்னது: கடுமையான கீமோ நடக்கும் மாதங்களில் புதுப் பிராணி வேண்டாம். பராமரிப்புக் கட்டம் வந்ததும் பார்க்கலாம். அதுவும் குட்டி கூடாது, வளர்ந்த பூனை.

ஏன் குட்டி கூடாது? குட்டி கடிக்கும், பிறாண்டும். பூனைப் பிறாண்டலால் வரும் காய்ச்சலுக்குக் காரணமான பார்ட்டனெல்லா கிருமி தெள்ளுள்ள குட்டிகளிடம்தான் கூடுதல். நியூட்ரோபில் எண்ணிக்கை மைக்ரோலீற்றருக்கு 500க்குக் கீழே போன பிள்ளைக்குச் சின்னக் கீறலும் ஆபத்து. மற்றது மலம். டொக்சோபிளாஸ்மா முட்டைகள் வெளியே வந்தவுடன் தொற்றாது, ஒன்று முதல் ஐந்து நாள் கிடந்தால்தான் தொற்றும். ஆகவே மணல்தட்டைத் தினமும் சுத்தம் செய்ய வேண்டும், பிள்ளை கிட்டப் போகக்கூடாது. பச்சை இறைச்சி கொடுக்கக்கூடாது. வெளியே விடக்கூடாது. இவ்வளவுதான். நான் “கூடாது” என்று ஒரே சொல்லில் முடித்தது இதைத்தான்.

“பூனை மயிர் வயித்துக்க போனால் வருத்தம் வரும்” என்றார் அம்மம்மா. அதற்கு நான் பதில் சொல்லப் போகவில்லை.

எட்டு மாதம் காத்திருந்தாள். இடையில் ஒரு நாள், “அன்ரி, யேசப்பா என்ர பேப்பரை வாசிக்கேல்லையோ?” என்று கேட்டாள். வாசித்திருப்பார் என்றேன். வேறென்ன சொல்வது?

காலம் வந்ததும் ஒரு மீட்பு அமைப்புக்கு விண்ணப்பித்தோம். படிவத்தில் உண்மையை எழுதினோம். நோயுள்ள வீட்டுக்குத் தரமாட்டோம் என்று இரண்டு வரியில் பதில் வந்தது. தாய் அழவில்லை, போனை மேசையில் குப்புற வைத்தாள். எனக்குத்தான் கோபம். பூனையின் நலனையும் அவர்கள் பார்க்க வேண்டும் என்பது பிறகுதான் புத்தியில் பட்டது.

அந்தக் கோபத்தில் பழைய சரித்திரம் தேடி வாசித்தேன். ரொறொன்ரோ ஹியூமேன் சொசைட்டி 1887இல் தொடங்கியது. முன்னின்றவர் ஜோன் ஜோசப் கெல்சோ என்ற இளம் பத்திரிகை நிருபர். இன்று அந்தப் பெயரைக் கேட்டால் நாயும் பூனையும் ஞாபகம் வரும். அன்று அது பிள்ளைகளையும் பிராணிகளையும் சேர்த்தே கொடுமையிலிருந்து காக்க வந்த சங்கம். பிள்ளைகளுக்கென்று தனியாக சில்ட்ரன்ஸ் எய்ட் சொசைட்டியை அதே கெல்சோ 1891இல் தொடங்கினார். நாலு வருடம் இரண்டு கூட்டமும் ஒரே கூரைக்குக் கீழே இருந்திருக்கின்றன. இதை அறிந்து எனக்கு ஒரு பிரயோசனமும் இல்லை, ஆனால் அடுத்த விண்ணப்பத்தை எழுதக் கை வந்தது.

அடுத்த இடத்தில் தொலைபேசியிலேயே அரைமணி நேரம் பேசினார்கள். மணல்தட்டு யார் பொறுப்பு, பிள்ளை ஆஸ்பத்திரியில் தங்கினால் பூனைக்கு யார் சாப்பாடு, எல்லாம் கேட்டார்கள். தகப்பன் இரவு வேலை முடிந்து விடிய வந்து தட்டைச் சுத்தம் செய்வதாகச் சொன்னார். மிருக வைத்தியர் பரிசோதித்து, ரேபிஸ் ஊசி போட்டு, நகம் வெட்டி ஆறு வயதுப் பெண்பூனை ஒன்று வந்தது. சாம்பல் நிறம், தெருவில் வளர்ந்தது. இடது காதின் நுனி இல்லை. தெருப்பூனைகளைப் பிடித்துக் கருத்தடை செய்யும்போது, மயக்கத்தில் வைத்தே காது நுனியை வெட்டிவிடுவார்கள். மறுபடி பிடிபட்டால் இன்னொரு தடவை கத்தி வைக்காமல் இருப்பதற்கான அடையாளம்.

அதை நான் விளங்கப்படுத்தினேன். பிள்ளை சட்டைக் கழுத்தைக் கொஞ்சம் இழுத்து, நெஞ்சில் கீமோவுக்கான போர்ட் வைத்த தழும்பைப் பூனைக்குக் காட்டினாள். “எனக்கும் மயக்கித்தான் வெட்டினவை” என்றாள். பூனை கொட்டாவி விட்டது.

காய்ச்சல் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட, அந்த வீட்டு வாசலில் எப்போதும் ஒரு பை ஆயத்தமாக இருக்கும். பூனை இப்போது அதற்கு மேல்தான் படுக்கிறது. தாய் தினமும் ஒட்டுநாடா உருளையால் மயிர் எடுக்கிறாள். அம்மம்மா திட்டிக்கொண்டே மீனை அவித்து, முள் எடுத்து வைக்கிறார்.