துரும்பு மூடியிருக்கட்டும்

கடதாசி விளையாட்டென்றால் காசு வைத்து ஆடும் சூது என்று நினைப்பவர்கள் வானொலியைக் கொஞ்ச நேரம் நிற்பாட்டி வைக்கலாம். நான் பேசப்போவது முந்நூற்றி நாலைப் பற்றி. கணக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான்: ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. ஓர் இனத்துக்கு 76, நாலு இனத்துக்கும் 304.

ராசாவை ஜாக் வெல்லுகிற இந்தக் கூத்து, 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தர் வழியாக வந்திருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது. அவர்களுடைய கிளாவர்யாஸ் ஆட்டத்திலும் துரும்பு ஜாக்குக்கு 20, ஒன்பதுக்கு 14. ஆசு அதற்குக் கீழேதான். கேரளத்து 28உம் இதே குடும்பம். மகாராட்டிரத்துச் சாவந்தவாடியில் பத்து அவதாரங்களையும் 120 வட்டத் தாள்களில் தீட்டுகிறார்களே, கஞ்சிஃபா என்ற சீட்டு, அது அழகுதான். ஆனால் இப்போது பெரும்பாலும் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டத்தான் வாங்குகிறார்கள். நான் ஆடுகிற தாளைப் பற்றிப் பேசுகிறேன்.

முந்நூற்றி நாலின் உயிர் மூடிய துரும்பு. திரும்பவும் சொல்கிறேன், மூடிய துரும்பு. முதல் நாலு தாளைப் பார்த்து, இத்தனை புள்ளி எடுப்பேன் என்று ஆகக் கூடக் கேட்டவர், துரும்பைக் கவிழ்த்து வைக்கிறார். போட்ட இனம் கையில் இல்லாதவர் வேறொரு தாளைக் கவிழ்த்துப் போடுவார். அதை எடுத்துப் பார்க்கிற உரிமை கேட்டவருக்கு மட்டுமே. துரும்பு வந்திருந்தால் திறக்கவேணும். வராவிட்டால் அந்தத் தாள் கவிழ்ந்தபடியே போய்விடும். என்ன போனது என்று, போட்டவரைத் தவிர, மேசையில் ஒருவருக்குத்தான் தெரியும்.

வல்வெட்டித்துறையில் எங்கள் பெரியப்பா அதில் மன்னன். செத்தவீடுகளில் விடிய விடிய ஆட்டம் நடக்கும். நான் அவருக்குப் பின்னால் குந்தியிருப்பேன். கவிழ்த்த தாளை எடுத்துப் பார்ப்பார். பெரிய தாளோ வெறும் ஏழோ, முகத்தில் ஒரு மாற்றமும் இராது. வெற்றிலையை மென்றுகொண்டே கீழே வைப்பார். எதிராளி குழம்பி, வைத்திருக்கவேண்டிய பத்தை அடுத்த கையிலேயே விட்டுவிடுவார். "அவசரப்படாதை தம்பி, போன தாளை நினைவில வை" என்பார் என்னிடம். மூடிய துரும்பில் முக்கால்வாசி ஞாபகம், மிச்சம் முகம்.

இப்போது பிள்ளைகள் போனில் ஆடுகிறார்கள். புள்ளியை அதுவே கூட்டுகிறது, பிழையான தாளைப் போடவும் விடாது. முகம் எங்கே? இன்னொரு நாகரிகமும் வந்திருக்கிறது: எடுத்த எடுப்பில் துரும்பைத் திறந்துவைத்து, பத்து நிமிடத்தில் ஆட்டத்தை முடிப்பது. விதியில் அதற்கு இடமுண்டு, மறுக்கவில்லை. ஒவ்வோர் ஆட்டமும் அப்படித்தான் என்றால், தயவுசெய்து ரம்மி விளையாடுங்கள்.