வேலூருக்கு வந்த விஞ்ஞானி



பிழைப்பை நாடித் தமிழகம் விட்டு வடக்கே வந்தவர்கள் நாம். வடக்கிலிருந்து தமிழகம் சென்று உழைத்த ஒருவரைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். அவர் உயிர் இரசாயனப் பேராசிரியர் பிமல் குமார் பச்சாவத். 1925-இல் கல்கத்தாவில் பிறந்தவர்.

பட்டினி வேளையில் நமது ஈரல் கொழுப்பிலிருந்து அசிட்டோஅசிட்டேட் என்னும் எரிபொருளைத் தயாரித்து மற்ற உறுப்புகளுக்கு அனுப்புகிறது. அந்த வேலையில் முக்கியமான ஒரு படியை நடத்தி வைக்கும் என்சைமை, அமெரிக்காவில் மைனர் கூன் என்பவருடன் ஆராய்ந்து 1955-இல் வெளியிட்டார். ஏகாதசி உபவாசம் இருக்கும் நம் பாட்டிமார்கள் தம்மை அறியாமலே அந்த என்சைமை நம்பியிருந்தவர்கள்தாம்!

அத்தகைய பெயர் பெற்றவர் பின்னர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மூளை இரசாயன ஆராய்ச்சியை வளர்த்தார். ஆராய்ச்சிச் சாலைக்கு அருகிலேயே நோயாளிகள் இருக்கும் இடம் அது. இதைச் சிறிது விரித்துச் சொல்ல வேண்டும்.

நன்றாக நடக்கத் தொடங்கிய குழந்தை, ஒன்றிரண்டு வயதில் தடுமாறும், கற்ற சொற்களை மறக்கும், படுக்கையில் வீழும். பெற்றோர் எந்தத் தெய்வக் குற்றமோ என்று கலங்குவர். உண்மையில், கந்தகம் சேர்ந்த ஒருவகைக் கொழுப்பு சிதையாமல் மூளையில் தேங்கி, நரம்புகளின் உறையை அழிக்கிறது. அக்கொழுப்பைச் சிதைப்பதற்குரிய ஸல்ஃபடேஸ் என்னும் என்சைம் அக்குழந்தைகளிடம் குன்றியிருப்பதை 1963-இல் வெளியான கட்டுரை காட்டிற்று. அமெரிக்க மருத்துவர் ஆஸ்டினுடன் பச்சாவத்தின் பெயரும், பாலசுப்பிரமணியன், பட்டாபிராமன் ஆகிய நம்மவர் பெயர்களும் அதில் உள்ளன. குழந்தைக்கு உடனே மருந்து கிட்டவில்லை. ஆயினும் நோயைச் சோதனையால் அறிய வழி பிறந்தது. அதற்கு முந்திய ஆண்டே, 1962-இல், அவருக்குப் பட்நாகர் பரிசு கிடைத்திருந்தது.

பிற்காலத்தில் கல்கத்தாவிலும், பிறகு டில்லிப் பல்கலைக்கழகத்தின் தெற்கு வளாகத்திலும் பணியாற்றினார். காளான் நோய்களுக்குரிய ஆம்ஃபோடெரிசின் என்ற மருந்து, சிறுநீரகத்தையும் வாட்டக்கூடியது. அம்மருந்தை நுண்ணிய கொழுப்புக் குமிழிகளில் பொதிந்து கொடுத்தால் தீங்கு குறையும். அந்த முறையை இந்தியாவிலேயே, நம் நோயாளிகளுக்கு எட்டும்படி உருவாக்க அவர் பாடுபட்டார். 1990-இல் பத்மபூஷண் விருது பெற்றார், 1996-இல் காலமானார். அவரிடம் பயின்றவர்கள் பலர் தாமும் பேராசிரியர்களாயினர்.